நீர்முள்ளிக்கு வந்த சாமி

"நாளைக்கு ஆள் வந்து வெட்டிடுவான் சார். கொசு, பாம்பு எல்லாம் அந்தப் புதர்லதான் குடியிருக்கு" என்றார் லே-அவுட் சங்கத் தலைவர் லிங்கப்பன்.

விஜயநகரில் சகாயநாதன் தன் வீட்டுக் காம்பவுண்டுக்கு வெளியே, தொட்டித் தண்ணீர் வழிந்து எந்நேரமும் சேறாகக் கிடக்கும் இடத்தில், விதை போட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்த நீர்முள்ளி அது. நெஞ்சுயரம் வளர்ந்து இப்போதுதான் நீலமாகப் பூக்கத் தொடங்கியிருந்தது. இலையில் பட்டாம்பூச்சி முட்டைகூட வைத்திருந்தது. கெஞ்சிப் பார்த்தார். லிங்கப்பன் மசியவில்லை.

மறுநாள் விடியுமுன் ஒரு கல்லைக் கழுவிச் செடியின் அடியில் நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை ஃபாதர் மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?" என்றாள் மனைவி மோலி.

"முதல்ல செடி பிழைக்கட்டும். அப்புறம் முழிக்கிறேன்."

அரிவாளோடு வந்த ஆள் செருப்பைக் கழற்றி, கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். சகாயநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவும் சாயங்காலம் வரைதான். எதிர்வீட்டு மல்லம்மா வந்து விளக்கேற்ற, அவளைப் பார்த்துத் தெருவே தேங்காயோடு வந்து சேற்றை மிதித்தது. பூவையும் பறித்தது.

"கிட்டப் போகாதீங்க, உள்ளே நாகம் இருக்கு!" என்று புளுகினார். அடுத்த நாள் பக்கத்துத் தெருவும் பால் சொம்போடு வந்து சேர்ந்தது.

கடைசியில் லிங்கப்பனே சிமென்ட் மூட்டையோடு வந்து இறங்கினார். "சாமி சேத்துல நிக்கலாமா சார்? செடியை எடுத்துட்டு, மேடை கட்டி டைல்ஸ் போட்டுடலாம்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று சகாயநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பேடா லிங்கப்பண்ணா, பேடா!" என்று கன்னடத்தில் வேண்டாமெனக் கத்திக்கொண்டே மல்லம்மா ஓடி வந்தாள். "ராத்திரி சாமி என் கனவுல வந்துச்சுங்க. 'எனக்குச் சேறும் முள்ளும்தான் வேணும், யாரும் கிட்ட வரக்கூடாது'ன்னு சொல்லிச்சு!"

லிங்கப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு மூட்டையைத் திரும்ப ஏற்றினார். கூட்டமும் கலைந்தது.

செடி பிழைத்தது. ஆனால் சகாயநாதனுக்கு மனசு குறுகுறுத்தது. சூதுவாது தெரியாத மனுஷியைக் கனவு காணும் அளவுக்கு ஏமாற்றிவிட்டோமே! பொறுக்கமாட்டாமல் அவள் வீட்டுக்கே போனார்.

"மன்னிச்சிடுங்கம்மா. அது சாமியில்ல. செடியைக் காப்பாத்த நான்தான் கல்லை நட்டுக் குங்குமம் வெச்சேன்."

"தெரியுமுங்க சார்" என்றாள் மல்லம்மா. "நீங்க பழக்கதோஷத்துல சிலுவையா வெச்சுட்டுப் போயிட்டீங்க. வெட்டற ஆள் வர்றதுக்குள்ள நான்தான் ஓடி வந்து, அதை அழிச்சு வட்டமா வெச்சேன்!"