வால் அறுந்த கிடார்

"அண்ணே, கேபிளே இருக்கட்டும்ணே," என்றார் கீபோர்டுக்காரர், மூன்றாவது முறையாக.

"எதுக்குப்பா? உலகமே வயர்லெஸ்ஸுக்குப் போயாச்சு. நான் மட்டும் கட்டிப்போட்ட மாடு மாதிரி டிரம்முக்குப் பின்னாலயே நிக்கணுமா?"

கிடார்காரர் பையிலிருந்து தீப்பெட்டி அளவில் இரண்டு கறுப்புத் துண்டுகளை எடுத்தார். ஒன்றைக் கிடாரில் செருக வேண்டும். இன்னொன்றைச் சவுண்டுக்காரரின் மிக்சர் பலகையில் செருக வேண்டும். நடுவில் வயர் கிடையாது. இந்த மூன்று வாக்கியங்களை அவர் ஒரு வாரமாக மாமியார், மச்சான், பேப்பர் போடுகிறவர் என்று ஒருவரையும் விடாமல் விளக்கி முடித்திருந்தார்.

போன மாதக் கச்சேரியில் தன் கேபிளிலேயே கால் மாட்டி டிரம் மேல் போய் விழுந்தார். அதுவும் நிகழ்ச்சியில் ஒரு அயிட்டம் என்று நினைத்து ஜனங்கள் கைதட்டினார்கள். வீங்கிய முட்டியைப் பார்த்த மனைவி கைதட்டவில்லை.

"ஆறு வருஷமா ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருந்ததில்ல. இப்ப முட்டியும் போயாச்சு. இந்த வாட்டி நானே வந்து கேக்கறேன். நல்லா இருந்தா சரி. இல்லைன்னா கிடார் பரணுக்குப் போயிடும், சொல்லிட்டேன்."

பரணுக்குப் போன பொருள் எதுவும் அந்த வீட்டில் மறுபடி கீழே இறங்கியதில்லை. அவருடைய புல்லாங்குழலும், ஓவியம் வரையும் பலகையும், யோகா பாயும் ஏற்கெனவே அங்கேதான் குடித்தனம் நடத்துகின்றன. ஆகவே இன்று, இந்தக் கம்பெனி ஆண்டு விழாக் கச்சேரியில், அவருக்கு வாழ்வா சாவா என்ற நிலைமை. மனைவி மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு மார்க் போட வந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

மற்ற நாட்களில் அவர் சோபா, பீரோ ஏற்றுகிற வேன் ஓட்டுபவர். வேன் சொந்தம். குழுவின் டிரம், ஸ்பீக்கர், பாடகியின் மூன்று பெட்டிகள் எல்லாம் அதில்தான் போகும். அதற்காகக் குழுவில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. அந்த மரியாதை முழுக்கத் தன் விரல்களுக்குத்தான் என்பது அவர் எண்ணம்.

"வயர்லெஸ் அலையெல்லாம் உடம்புக்கு ஆகாதாம்ணே," என்றாள் பாடகி.

"செல்போனைத் தலைக்கடியில வச்சுத் தூங்கற நீயாம்மா சொல்றே?"

டிரம்காரர் வேறு வழியில் வந்தார். "கேபிள்ல உங்க கிடாருக்கு ஒரு தனி இனிமை இருக்குண்ணே. அதைப் போய் விடலாமா?"

கிடார்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. ஆனாலும் விஷயம் புரிந்துவிட்டது. பொறாமை! இத்தனை நாள் முன்னால் நின்று பேர் வாங்கியவர்களுக்கு, தானும் முன்னால் வரப்போவது பொறுக்கவில்லை.

"குடுங்கண்ணே, அந்தத் துண்டை நான் செருகறேன்," என்று சவுண்டுக்காரர் அவசரமாகக் கை நீட்டினார்.

"வேணாம். முதல் தடவை என் கையாலதான்."

காலியாக இருந்த முதல் ஓட்டையில் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. சவுண்டுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. ஒத்திகை பார்க்க நேரமும் இல்லை. திரை விலகிவிட்டது.

முதல் பாட்டு. கிடார்காரர் டிரம்மைத் தாண்டி, பாடகியைத் தாண்டி, மேடையின் விளிம்புக்கே வந்து நின்று, கண்ணை மூடித் தந்தியை மீட்டினார்.

தகரப் பெட்டியைப் படிக்கட்டில் இழுத்துக்கொண்டு போவது போல ஒரு சத்தம் கேட்டது.

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். தன் கிடாரா இது? ஆறு வருஷமாகத் தேனாக ஒழுகிய கிடார்! சந்தேகமே இல்லை, இயந்திரத்தில்தான் கோளாறு.

"தூரம் ஜாஸ்தியா போச்சு போல," என்று கீபோர்டுக்காரரிடம் முணுமுணுத்துவிட்டு, வாசித்துக்கொண்டே பலகைக்குப் பக்கத்தில் போனார். சத்தம் இன்னும் தெளிவாக வந்தது. அதுதான் வினையே. இதுவரை எது தப்பென்று தெரியாமல் நெளிந்தவர்களுக்கு இப்போது துல்லியமாகத் தெரிந்தது.

சவுண்டுக்காரர் ஓசைப்படாமல் ஒரு குமிழைக் கீழே இறக்கினார். கிடார் தேய்ந்தது.

"பாத்தியா, சிக்னல் குறையுது!" என்று கிடார்காரர் பதறி, கையை நீட்டி, அந்தக் குமிழை மேலே, அதற்கு மேல் போக இடமில்லாத வரைக்கும், தள்ளினார்.

முன் வரிசையில் கம்பெனி மேனேஜர் காதில் கைக்குட்டையைத் திணித்தார். எங்கோ ஒரு குழந்தை வீறிட்டது. பாடகி பாதி வரியில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். திரும்பி வரவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மனைவி அங்கே இல்லை. கடைசி வரிசைக்குப் போய்விட்டிருந்தாள்.

அவருக்குப் பரணின் இருட்டும் தூசியும் கண்ணெதிரே வந்தன. உண்மையாகவே அழுகை வரும் போலிருந்தது. எப்படியாவது அவளுக்குப் பக்கத்தில் போய் வாசித்தால் புரிந்துகொள்வாள் என்று தோன்ற, மேடையிலிருந்து இறங்கி நாற்காலிகளுக்கு நடுவே வாசித்துக்கொண்டே நடந்தார். அவர் போன வழியெல்லாம் ஜனங்கள் எழுந்து ஒதுங்கினார்கள். ரசிகர்கள் மரியாதையாக வழிவிடுகிறார்கள் என்று அந்த நிலைமையிலும் அவருக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

"ஏங்க," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள் மனைவி, "எல்லாரும் பாக்கறாங்க. போயிடுங்க."

அதற்குள் சவுண்டுக்காரர் பழைய கேபிளோடு ஓடி வந்தார். "அண்ணே, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன். இதை மாட்டிக்கோங்க."

கிடார்காரர் தோல்வியை ஒப்புக்கொண்டார். மேடைக்குத் திரும்பி, கறுப்புத் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கேபிளை மாட்டினார்.

"ஒரே நிமிஷம், மறுபக்கத்தையும் மாட்டிட்டு வந்துடறேன்," என்று சவுண்டுக்காரர் கேபிளை இழுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் மறைந்தார்.

அடுத்த பாட்டு. கிடார்காரர் டிரம்முக்குப் பின்னால் தன் பழைய இடத்தில் நின்று பயந்து பயந்து தந்தியைத் தொட்டார்.

தேன்! பழைய தேன்! மண்டபமே நிமிர்ந்து உட்கார்ந்தது. மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். பாடகி திரும்பி வந்தாள். கீபோர்டுக்காரர் வழக்கம்போல ஏதோ ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, குனிந்த தலை நிமிராமல் தன் வேலையைப் பார்த்தார். நான்காவது பாட்டில் மனைவி மூன்றாவது வரிசைக்கே வந்துவிட்டாள். கடைசிப் பாட்டில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டது மேடையிலிருந்தே தெரிந்தது.

முடிந்ததும் கிடார்காரர் குழுவைக் கூட்டிவைத்துப் பேசினார். "நீங்க சொன்னப்ப நான் கேக்கலை. தப்புதான். எத்தனை புதுசு வந்தாலும் கேபிள் கேபிள்தான். ஒரு கலைஞனோட விரல்ல இருக்கறது வயர் வழியாத்தான் முழுசா வரும்."

"ஆமாண்ணே," என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். சொல்லிவிட்டு வேகமாகக் கலைந்தார்கள்.

வேன் பக்கத்தில் மனைவி காத்திருந்தாள்.

"அந்தக் கறுப்புத் துண்டை வச்சு வாசிச்சப்ப, பரணைச் சுத்தம் பண்ணணும்னே முடிவு பண்ணிட்டேங்க. அப்புறம் வயரைப் போட்டீங்க பாருங்க..." அவர் தோளிலிருந்த கிடாரைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். "ஆறு வருஷமா இவ்வளவு நல்லா வாசிச்சிருக்கீங்க. நான் ஒரு நாள் வந்து கேக்கலையே! பரணெல்லாம் வேணாம். கூடத்துலயே ஆணி அடிச்சு மாட்டிக்கலாம்."

கிடார்காரர் அவளுக்காக வேன் கதவைத் தானே திறந்து பிடித்தார். கல்யாணமான புதிதில் செய்தது.

அப்போது மண்டபத்தைப் பெருக்குகிறவர், சுருட்டிய கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டு, கட்டைவிரலை உதறியபடி வந்து நின்றார்.

"சார், இந்த முடிச்சை அவுக்கறதுக்குள்ள என் நகமே பேர்ந்துடுச்சு. போன வருஷம் வந்தப்ப செஞ்ச மாதிரியே, இந்த வருஷமும் வயரோட மறுமுனையை எந்த மிஷின்லயும் செருகாம, திரைக்குப் பின்னால நாற்காலிக் கால்லயே கட்டி வச்சிருக்காங்க!"