கண்ணீர் அஞ்சலியில் வந்த அம்புக்குறிகள்

இழவு வீட்டில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பாடம் தயாரிக்கும் அளவுக்கு வெட்கங்கெட்டவர்கள் உலகத்தில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். நான் தயாரித்தேன்.

அப்போது தாம்பரத்தில் ஒரு பயிற்சி மையத்தில் கிட் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஃபைலில் யார் எப்போது எதை மாற்றினாலும் அத்தனையையும் ஞாபகம் வைத்திருக்கும் மென்பொருள் அது. (எங்கள் சொந்தக்காரர்களைப் போல.) பிள்ளைகள் முதல் கட்டத்தை முடித்துவிட்டார்கள். இரண்டாம் கட்டப் பாடங்களை நான் எழுத வேண்டும். அதில் என் உயிரை வாங்கிய இடம் 'கான்ஃப்ளிக்ட்'. இரண்டு பேர் ஒரே வரியை வெவ்வேறு விதமாக மாற்றியிருந்தால், ஒன்றாகச் சேர்க்கும்போது கிட் தானாக முடிவெடுக்காது. ஒருவர் எழுதியதற்கு மேலே அம்புக்குறி, நடுவில் சமக்குறிகள், அடுத்தவர் எழுதியதற்குக் கீழே மறுபடி அம்புக்குறி என்று, அந்தந்தப் பிரதியின் பெயரோடு இரண்டையும் ஃபைலிலேயே வைத்துவிட்டு, 'நீயே பார்த்துக்கொள்' என்று ஒதுங்கிவிடும்.

இதற்கு நான் எழுதிய உதாரணம், சாம்பார். ஒருத்தி முருங்கைக்காய் போடச் சொல்கிறாள், இன்னொருத்தி கத்திரிக்காய். பின்வரிசைப் பெண் கை தூக்கினாள்.

"மேம், ரெண்டு பேரும் ஒரு போன் பண்ணி பேசிக்கிட்டா முடிஞ்சுதே? இதுக்கு எதுக்கு ஒரு பாடம்?"

வகுப்பே சிரித்தது. பேசிக்கொள்ளவே முடியாத இரண்டு பேர் கிடைக்காமல் தவித்தேன். அந்தச் சமயத்தில்தான் ஊரப்பாக்கத்தில் பெரியப்பா இறந்துபோனார்.

பெரியப்பாவுக்கு இரண்டு மகன்கள். மூத்தவர் பாஸ்கர் அண்ணன், அந்த வீட்டிலேயே இருப்பவர். இளையவர் ரவி அண்ணன், வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு பம்மலுக்குப் போனவர். பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ரவி அண்ணன் வாசல்வரை வந்தார். பாஸ்கர் அண்ணன் உள்ளே விடவில்லை.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

"நீதான் பாப்பா கம்ப்யூட்டர்ல கீற, நீயே அடிச்சுக் குடு" என்றார் பாஸ்கர் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவண்ல மகன்னு என் பேரு மட்டும் வரணும். அவன் பேரு வந்துச்சு, ஒட்டவே விடமாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் பெரியம்மா கூப்பிட்டார். பெரியப்பாவை வைத்திருந்த ஐஸ் பெட்டியின் மேல் கை வைத்தபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "ரவி பேரையும் போட்டுடுடி. அவரு கடைசியா கேட்டது அவனைத்தான்."

இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். பின்கட்டில் உட்கார்ந்து இரண்டு விதமாகவும் அடித்தேன். பெரியம்மா சொன்னது முதன்மைப் பிரதியில். அண்ணன் சொன்னது 'டெஸ்ட்' என்று பெயரிட்ட தனிப் பிரதியில். அடித்து முடித்தபோதுதான் அந்தக் கேவலமான யோசனை வந்தது. ஒரே வரி. இரண்டு பேர். போன் போட்டுப் பேசித் தீர்க்க வழியே இல்லை. என் பாடத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

இரண்டையும் சேர்த்தேன். அம்புக்குறிகள் அழகாக வந்து விழுந்தன. திரையைப் படம் பிடித்துக்கொண்டேன். (அழுதுகொண்டேதான் பிடித்தேன்.) அதற்குள் அச்சகத்திலிருந்து போன்; ஒட்டுகிற ஆட்கள் காத்திருக்கிறார்களாம். பெரியம்மா சொன்னதே இருக்கட்டும் என்று தீர்மானித்து ஃபைலை அனுப்பினேன். அம்புக்குறிகளையும் அண்ணன் சொன்ன வரியையும் இன்னும் நீக்கவில்லை என்பது ஞாபகமே இல்லை.

அச்சகத்துப் பையன் திரும்பக் கூப்பிட்டான். வாசலில் மேளம் அதிர்ந்துகொண்டிருந்தது. "அக்கா, கோடு கோடா வருதே, அப்படியே போட்டுடவா?" சுற்றிலும் வரும் கறுப்புக் கோட்டைத்தான் கேட்கிறான் என்று நினைத்தேன்.

"அப்படியே போடுப்பா!" என்று கத்தினேன்.

ஊரப்பாக்கம் ஸ்டேஷன் சுவரிலிருந்து எங்கள் எதிர்ச்சுவர் வரை ஒட்டிவிட்டார்கள். பெரியப்பாவின் சிரித்த முகம். அதன் கீழே அம்புக்குறிகள், ஆங்கிலத்தில் 'ஹெட்', பிறகு 'மகன்கள்: பாஸ்கர், ரவி'. அடுத்து ஒரு வரிசை சமக்குறி. அதற்கடுத்து 'மகன்: பாஸ்கர்', மறுபடி அம்புக்குறிகள், 'டெஸ்ட்'. வீட்டுக்குள் மறைத்து வைத்திருந்த சண்டை முழுக்க வண்ணத்தில் அச்சாகியிருந்தது.

"இன்னா பாப்பா இது?" என்றார் பாஸ்கர் அண்ணன். "அவன் கூட இருந்தா ஹெட்டு, நான் தனியா நின்னா டெஸ்ட்டா?"

"அண்ணா, ஹெட்டுன்னா தலைவர்னு அர்த்தம் இல்ல. நாம இப்ப எந்தப் பிரதியில நிக்கிறோமோ அது..." என்று பாடம் எடுக்க ஆரம்பித்தேன். பிணத்தை வைத்துக்கொண்டு.

அப்போதுதான் ஷேர் ஆட்டோவிலிருந்து ரவி அண்ணன் இறங்கினார். போஸ்டரை மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"மொதல்ல போட்டுட்டு, அப்புறம் எடுத்துட்டீங்களா பாப்பா?"

பாஸ்கர் அண்ணன் போஸ்டரின் ஓரத்தைப் பிடித்துக் கிழிக்கப் போனார். பெரியம்மா தலைவிரிகோலமாகத் தெருவுக்கே வந்துவிட்டார்.

"கை வெக்காத! அவன் பேரு இருக்கிறது அந்தப் போஸ்டர் ஒண்ணுலதான்."

பாஸ்கர் அண்ணன் கை இறங்கியது. வாசலை விட்டு நகர்ந்து நின்றார். ரவி அண்ணன் உள்ளே போய், ஐஸ் பெட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். பாடையின் முன்பக்கத்தை இருவருமே தூக்கினார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

பாடத்துக்காகத் திரையில் பிடித்த அந்தப் படத்தை நான் அழித்துவிட்டேன். வகுப்பில், "போன் பண்ண முடியாதவங்களும் இருப்பாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சிரித்ததெல்லாம் சொந்தக்காரர்கள்தான். ரவி அண்ணனுக்கு ஹெட்டு, பாஸ்கர் அண்ணனுக்கு டெஸ்ட்டு என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் எந்த விசேஷமானாலும் பந்தியில் யாராவது, "ஹெட்டு சாப்ட்டாச்சா? டெஸ்ட்டுக்கு ரசம் ஊத்து" என்பார்கள். இருவரும் முறைப்பார்கள், தனித்தனியாக.

போன மாதம் பாஸ்கர் அண்ணன் போன் செய்தார். மகளுக்கு மாடம்பாக்கம் கோயிலில் கல்யாணம்.

"பத்திரிகை அடிக்கணும்ல அண்ணா, நான் வேணா..."

"நீ கிட்டயே வராத பாப்பா" என்றார் அவசரமாக. பிறகு அவரே, "ஹெட்டுகிட்ட சொல்லிட்டேன். அவன் பார்த்துக்கிறேன்னுட்டான்."