தனேலியின் வியாழக்கிழமை

வெண்ணெய் இளகுவதாக இல்லை. தனேலி டப்பாவைக் கம்பளிச் சட்டைக்குள் வைத்து அணைத்துக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்து பார்த்தான். அப்புறமும் தடவப் போனால் ரொட்டிதான் உடைந்தது. மேசைமேல் இருந்த வெப்பமானி பன்னிரண்டு என்றது. ஜன்னலுக்கு வெளியே மைனஸ் இருபத்தேழு.

எழுந்து போய் ஹீட்டரைத் திருகிவிட வேண்டியதுதானே என்பீர்கள். திருகுவதற்குக் குமிழ் இருந்தால்தானே!

அது நவம்பரில் நடந்த கூத்து. ஆறே அறைகள் கொண்ட அந்த மாணவர் விடுதியில் சூட்டை மிச்சம் பிடிக்க ஓர் ஆற்றல் காவலர் வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். ஐரோப்பாவின் வடகோடியில் கிடக்கும் எங்கள் ஔலு ஊரில் கூட்டம் என்றால் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. தனேலி மட்டும் தவறிப்போய் நிமிர்ந்துவிட்டான். பதவி அவன் தலையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் வீரமும் வந்துவிட்டது.

“நானே முதல்ல செஞ்சு காட்டறேன்!” என்று தன் அறை ஹீட்டரின் குமிழைக் கழற்றிக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் விடுதிக் காப்பாளர் ரவுனியின் கையில் கொடுத்தான். “வசந்தம் வர்ற வரைக்கும் இதை நான் திருப்பிக் கேக்க மாட்டேன்.”

ரவுனி அறுபதை நெருங்கும் பெண்மணி. பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவள் போலச் சிக்கனமாகச் செலவழிப்பாள். “சரி” என்று குமிழைச் சாவிப் பலகையில் மாட்டி, கீழே அவன் பெயரை எழுதிவைத்தாள்.

அன்றிலிருந்து தனேலி மனிதனாக இருந்தது வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம்தான். வியாழக்கிழமை மாலை ஏழு மணி, சவுனா. அடித்தளத்தில் இருந்த அந்தச் சின்ன வெக்கை அறை திங்கள் முதல் சனி வரை தினம் ஒருவருக்கு. பலகையில் ஏறி உட்கார்ந்து, காய்ந்த கல்லின்மேல் ஓர் அகப்பைத் தண்ணீர் ஊற்றினால் எலும்புக்குள் உறைந்ததெல்லாம் இளகும். மேல்மாடியில் குடியிருந்த காலத்திலிருந்தே வியாழன் அவன் நாள். இரண்டு ஜன்னல் இருக்கிறதே என்று ஆசைப்பட்டுச் செப்டம்பரில் கீழே மூலை அறைக்கு மாறினான். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் விடவில்லை. இப்போது அந்த இரண்டு ஜன்னல்களும் ஒன்றுக்கு இரண்டாகக் குளிரை உள்ளே விட்டுக்கொண்டிருந்தன.

காவலரான முதல் வாரமே சவுனாக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டினான். அங்கே ஏற்கெனவே ஏதோ பழைய தாள் இருந்தது. அதன்மேலேயே ஒட்டினான். ‘அடுத்தவர் முறையில் உள்ளே போகிறவர், குளிர்காலம் முடியும்வரை தம் முறையை இழப்பார். இப்படிக்கு, ஆற்றல் காவலர்.’

வெண்ணெய் இளகாத அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை, துவைத்த துணியை உலரப்போட அடித்தளத்துக்குப் போனான். சவுனாக் கதவைக் கடக்கும்போது முகத்தில் இதமாக ஒரு வெக்கை அடித்தது. ஆறரைக்கே அடுப்பு தானாகச் சூடாகிவிடும். மணி ஏழு. உள்ளே ஆளில்லை. ஏழு மணி ஐந்து நிமிடம். அப்போதும் ஆளில்லை.

இவ்வளவு சூடும் வீணாகப் போகிறதே! பார்த்துக்கொண்டு சும்மா போனால் அவன் என்ன காவலன்? இப்படித்தான் வேலி தன்னிடம் நியாயம் பேசிக்கொண்டு பயிரை மேயப் போனது. துணிக்கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, தன் பச்சை ரப்பர் செருப்பை உடை மாற்றும் அறையில் கழற்றிவிட்டு, பூனை மாதிரி உள்ளே நழுவினான்.

இரண்டாவது அகப்பைத் தண்ணீர் ஊற்றும்போது வெளிக்கதவு திறந்தது. யாரோ நின்றார்கள். செருப்பைப் பார்க்கிறார்கள் போலிருந்தது.

“மன்னிக்கணும்” என்றது ஒரு பெண்குரல். “மறுபடியும் தப்பா வந்துட்டேன்.”

விடுதியில் இருக்கும் சைமியின் குரல். எந்த அறை என்று அவனுக்குத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் ஐந்து மாதம்தானே ஆகிறது, அதற்குள் எப்படிக் கேட்பது?

‘உங்க முறைதான், நான்தான் தப்பு’ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவனுடைய விதி அவனையே பிடிக்கும். வியாழன் போய்விடும். “பரவால்ல” என்று மட்டும் முனகினான். அவள் போய்விட்டாள். அதற்கப்புறம் அவ்வளவு வெக்கையிலும் அவனுக்குச் சூடு ஏறவே இல்லை. தனேலி கெட்டவன் இல்லை, குளிர்ந்தவன்.

மறுநாள் காலையில் பரிகாரமாக, இடது கையால் ஒரு சீட்டு எழுதி மாடிப்படிச் சுவரில் ஒட்டினான். ‘செவ்வாய் முறைக்காரர் தயங்காமல் வரவும். நாள் சரிதான்.’

மதியமே கீழே பதில் வந்திருந்தது. ‘செவ்வாய் என் முறை இல்லை. உரியவர் அனுபவிக்கட்டும். தொந்தரவுக்கு வருந்துகிறேன்.’

“என்ன குத்தல்!” என்று தனேலி தனக்குள் குமைந்தான்.

அதன்பிறகு நடந்தது எங்கள் ஊரில் மட்டுமே நடக்கும். சைமி அன்று புதன்கிழமை மாலை, அந்த நாளாவது காலியா என்று போய்ப் பார்த்தாள். உள்ளே காலியாக இருக்கவே போய் உட்கார்ந்தாள். கொஞ்சம் தாமதமாக வந்த புதன்கிழமைக்காரன் யால்மரி வாசலில் அவளுடைய காலணியைப் பார்த்தான். கதவைத் தட்டி “இது என் நாள்” என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகும். யால்மரி அதற்குப் பதில் மாடியேறிப் போய் யோசித்தான். எல்லா முறையும் ஒரு நாள் தள்ளிப்போயிருக்கிறது, தனக்குத்தான் யாரும் சொல்லவில்லை என்று முடிவு கட்டினான்.

ஆக வியாழக்கிழமை ஏழு மணிக்குத் தனேலி துண்டும் கையுமாக, வாரம் முழுக்கக் காத்திருந்த முகத்தோடு வந்தபோது, நாற்பத்தேழாம் நம்பர் பூட்ஸ் இரண்டு உடை மாற்றும் அறையை அடைத்துக்கொண்டு நின்றன. உள்ளே கல்லில் தண்ணீர் சீறியது.

வெளியே வாடா என்று கத்தத்தான் வாயைத் திறந்தான். “மன்னிக்கணும், நாள் தப்பிப்போச்சு போல” என்றது வாய். பிறவிப் பழக்கம் லேசில் போகுமா?

“பரவால்ல” என்றது உள்ளிருந்து.

அடுத்த வியாழன் ஆறரைக்கே வந்தான். யாருக்கும் இடைஞ்சல் தரக்கூடாதென்று யால்மரி ஆறேகாலுக்கே வந்து, இன்னும் சூடேறாத பலகையில் பொறுமையாக உட்கார்ந்திருந்தான். தனேலி அறைக்குத் திரும்பினான். வெப்பமானி பதினொன்று. தும்மல் ஒன்பது. எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை மூக்கைத் துடைத்துக்கொண்டு ரவுனியின் அறைக்கதவைத் தட்டினான். குமிழ் பலகையில் தொங்கியது. அதைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்தான்.

“ரவுனி அக்கா, வியாழக்கிழமை சவுனால தப்பான ஆள் உக்காந்திருக்காங்க.”

“ஆமா” என்றாள் ரவுனி, காப்பியை ஊற்றியபடி.

“உங்களுக்குத் தெரியுமா?”

“செப்டம்பர்லேர்ந்து தெரியும்.”

யால்மரி வியாழனில் வந்து உட்கார ஆரம்பித்தே இரண்டு வாரம்தானே ஆகிறது! கோபத்தில் தனேலிக்குக் கணக்கு ஓடவில்லை. “தெரிஞ்சுமா சும்மா இருந்தீங்க?”

“யாரும் கேக்கலியே.”

“இப்ப நான் கேக்கறேன். விதின்னா விதிதான். அந்த ஆளோட முறையை ரத்துப் பண்ணுங்க!”

“நல்லா யோசிச்சுக்க தம்பி. குளிர்காலம் முடியறவரைக்கும். பாவம் பாக்க வேணாமா?”

“எனக்குப் பாவம் பாத்தாங்களா? எழுதுங்க அக்கா.”

ரவுனி பதிவேட்டை எடுத்து ஒரு வரி எழுதி, அவன் பக்கம் திருப்பினாள். “காவலர் கையெழுத்து.”

வேகமாகப் போட்டான். போட்ட பிறகுதான் படித்தான். ‘மூலை அறை. முறை ரத்து.’

“அக்கா... இது என் அறை.”

“உன் அறைதான். முறை ஆளோட வராது தம்பி, அறையோட போகும். வியாழன் மேல்மாடி அறைக்கு. அங்க இப்ப சைமி இருக்கா. முதல் வியாழனே துண்டோட வந்திருக்கா, உன் பச்சைச் செருப்பைப் பாத்துட்டுத் திரும்பிட்டா. அப்புறம் யாருமே வராத ஒரு நாளாப் பாத்து, வாராவாரம் பத்து நிமிஷம் காத்திருந்துட்டு உள்ள போயிட்டிருந்தா. கதவுல பட்டியல் இருந்துச்சு. அதுமேலதான் நீ உன் விதியை ஒட்டிட்டியே.”

ரவுனி எழுந்து, பலகையிலிருந்து குமிழைக் கழற்றி அவன் முன்னால் வைத்தாள்.

“அப்ப... என் முறை என்னிக்கு?”

“செவ்வா. துணிக்கூடையை வாசல்ல விட்டுட்டு, திருடன் மாதிரி அக்கம்பக்கம் பாத்து நுழைஞ்சியே, இந்தக் குளிர்காலம் பூரா நீ யோக்கியமா சவுனாவுக்குப் போனது அன்னிக்கு ஒரு நாள்தான்!”