பினாங்கில் ஒன்பது மணி நேரம்

மனிதகுலம் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது சக்கரம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறு. தலையாயது நிகழ்ச்சி நிரல். சக்கரம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உருண்டுவிடும், நிரல் உருளாது.

அனுபவத்தில் சொல்கிறேன். 1960 ஆடி மாதம் நாங்கள் சிங்கப்பூரிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏறினோம். நான், என் கணவர் தனசேகரன், பத்து வயது மகள் நளாயினி, மாமியார் பூவம்மா. ஆடியில் கல்யாணம் கிடையாது, கடலும் சரியில்லை. ஆகவே கப்பல் காலி.

"ஆடியில யாரும்மா கப்பல் ஏறுவா? நீங்க ஓடிப் பிடிச்சு விளையாடலாம் லா," என்றார் சிராங்கூன் ரோட்டில் டிக்கெட் எடுத்துக்கொடுத்த அப்துல் கஃபார்.

நாங்கள் விளையாடுகிறவர்களா? வழியில் பினாங்கில் கப்பல் ஒன்பது மணி நேரம் நிற்கும் என்று தெரிந்த அன்றே எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டில் 'கரை இறங்கும் குழு' அமைக்கப்பட்டது. தலைவர் நான். செயலாளரும் நான். எதிர்க்கட்சி என் கணவர். அவர் முதல் கூட்டத்திலேயே தூங்கிவிட்டதால் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். நிரலைக் கார்பன் வைத்து நான்கு பிரதி அடித்தேன். செவ்வாய்க்கிழமை காலை எட்டுக்குப் படகில் கரை சேர்தல், ஒன்பதுக்குத் தண்ணீர்மலை முருகன், பதினொன்றுக்கு மலை ரயில், இரண்டே காலுக்குப் பாம்புக் கோவில். மூன்றரை முதல் நான்கு வரை 'மகிழ்ச்சி'.

மாமியார் கேட்டது ஒன்றே ஒன்று.

"பினாங்குல என் தங்கச்சி லட்சுமி இருக்காம்மா. ஜப்பான்காரன் வர்றதுக்கு முந்தி பார்த்தது. அவ வீட்டுக்காரர் போன வருஷம் தவறிட்டாரு. ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வந்துடலாமா?"

பென்சிலை எடுத்தேன். துக்க வீட்டில் அக்காளும் தங்கையும் கட்டிக்கொண்டு அழுவார்கள். அழுகைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவது? இருபதா? பிறகு தலை முழுகாமல் பாம்புக் கோவில் வாசலை மிதிக்க முடியாது. தலை காய எத்தனை நிமிடம்?

"செவ்வாய்க்கிழமை துக்கம் கேட்கப் போகக்கூடாதே, அத்தை," என்றேன்.

சொன்னது யார்? மூடநம்பிக்கையை எதிர்த்து மாதர் சங்கத்தில் நாற்பது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கியவள். எல்லா நாளும் ஒன்றே என்பது என் கொள்கை. கொள்கைக்கும் ஓய்வு வேண்டாமா?

நாள் பார்க்காமல் நகம்கூட வெட்டாத மாமியார், "கூடப் பொறந்தவளைப் பார்க்க நாள் என்னம்மா நாள்?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, படிச்ச பொண்ணு, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

குழு இதை 'கலந்தாலோசனைக்குப் பின் ஏற்பட்ட உடன்பாடு' என்று குறித்துக்கொண்டது.

வழியில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் மழை. ரப்பர் ஏற்றுவது ஒரு நாள் தள்ளிப்போயிற்று. பினாங்கு வந்து சேர்ந்தபோது புதன்கிழமை.

முருகனைப் பார்த்துவிட்டுப் படியிறங்கும்போது மாமியார் மெதுவாகக் கேட்டார். "இன்னிக்குப் புதன்தானேம்மா?"

"திட்டப்படி செவ்வாய், அத்தை."

"புதன்தான்மா. கப்பல் போர்டுல எழுதியிருந்துச்சே," என்றாள் நளாயினி.

"நிரல்ல என்ன போட்டிருக்கு?"

"செவ்வாய்."

"அப்புறம் என்ன பேச்சு?"

"அம்மாவ நான் ஒரு டாக்ஸியில கூட்டிட்டுப் போய்ட்டு வர்றேனே," என்றார் என் கணவர். எதிர்க்கட்சி விழித்துக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"கப்பல விட்டுட்டா என்ன செய்வீங்க? குழு பிரியக்கூடாது," என்றேன். குழு பிரியவில்லை.

மலை உச்சியில் ஒரே மேகம். கீழே பார்க்க வேண்டிய பினாங்கு முழுவதும் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையை ஒன்றரை மணி நேரம், நிரலில் உள்ளபடி, பார்த்தோம். பார்த்துக்கொண்டிருக்கையில் எனக்குள் ஒன்று தெளிந்தது. நேரம் ஒரு சாக்கு. யாராவது என் எதிரில் அழுதால் கைகளை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியாது. அந்த வீட்டு வாசலில், தொடக்க நேரமும் முடிவு நேரமும் இல்லாத ஒரு துக்கத்தின் நடுவே, சும்மா நிற்க எனக்குப் பயம். இதை நான் குழுவில் சமர்ப்பிக்கவில்லை.

பாம்புக் கோவிலில் பாம்புகள் தூங்கின. மகிழ்ச்சியின்போது நளாயினி தும்மினாள். ஐந்து மணிக்குக் கப்பலில் இருந்தோம். முழு வெற்றி.

நங்கூரம் தூக்கும்போது மாமியார் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத குணமே அதுதான்.

"லட்சுமி வீடு டத்தோ கிராமட் ரோட்டுலயாம். அது எந்தப் பக்கம்மா? இங்க இருந்தே காட்டு, போதும்."

பினாங்கில் சுத்தமான கழிப்பறை எங்கே என்பதுவரை நான் அறிவேன். அந்த ரோடு தெரியாது. தலைவர் தெரியாது என்று சொல்லலாமா? விரலை நீட்டினேன்.

"அதோ, அந்தச் சிவப்புக் கூரை வீடு."

மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் கூரையைப் பார்த்து அழுதார். "லட்சுமி, லட்சுமி," என்றார்.

கப்பல் திரும்பியது. சிவப்புக் கூரைக் கட்டடத்தின் சுவரில் ஆளுயர ஆங்கில எழுத்து தெரிந்தது: துறைமுகச் சரக்குக் கிடங்கு. மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. நளாயினிக்குத் தெரியும். படித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு பாட்டியின் தோளைத் தொட்டு, "ஆமா பாட்டி, அந்த வீடுதான்," என்றாள், என் குரலில்.