கீழ்வீட்டு டாக்டர் நெட்வொர்க்கில் இல்லை

"என்னங்க, கீழ இறங்கினாப் பல் டாக்டரம்மா கிளினிக். செருப்புகூடப் போட வேணாம்" என்றாள் மனைவி.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அதிகாரி மாட்டேன் என்று தலையாட்டினார். "அவங்க நெட்வொர்க்ல இல்ல."

இன்சூரன்ஸ் கம்பெனியின் நெட்வொர்க் பிரிவில் அவர் அதிகாரி. பட்டியலில் இருக்கும் டாக்டரிடம் போனால் கம்பெனி பணம் கட்டும். வெளியே போனால் உங்கள் பாக்கெட்தான். இதை அவர் கல்யாண வீட்டிலும் சொல்வார், துக்க வீட்டிலும் சொல்வார். நாளைக் காலை மேலதிகாரிகள் முன்னால் மேடையிலேயே சொல்லப் போகிறார். பேச்சு நன்றாக அமைந்தால் பதவி உயர்வு.

"ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணிட்டு நான் காசு குடுத்துப் பல்லு புடுங்கினா, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"அந்த மூஞ்சிதான் வீங்கிக்கிட்டே போகுது."

அவர் பஸ் ஏறினார். பட்டியலின் முதல் கிளினிக் இருந்த இடத்தில் மெத்தைக் கடை இருந்தது.

"பல் டாக்டரா? அவரு போய் ரொம்ப நாளாச்சு. நீங்க உக்காந்து பாருங்க சார், நல்ல மெத்தை" என்றார் கடைக்காரர்.

உட்காரவில்லை. ஜூஸ் கடையில் ஐஸ் கட்டி வாங்கி வாயில் அடக்கிக்கொண்டார். வலி காதுக்கு ஏறியது.

அடுத்து ஒரு பெரிய மருத்துவமனை. வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "ஹாஸ்பிடல் நெட்வொர்க்ல இருக்கு சார். பல் டாக்டர் இல்ல."

"டாக்டர விட்டுட்டு, கட்டடமா எனக்குப் பல்லு புடுங்கும்?"

"அத உங்க இன்சூரன்ஸ் கம்பெனியிலதான் கேக்கணும்."

கேட்டார். காத்திருக்கும்படி போனில் கனிவாகச் சொன்ன குரல் அவருடையதே. போன வருடம் அவரே ஆசையாகப் பேசிக் கொடுத்தது. வெகுநேரம் தன் உபசாரத்தைத் தானே கேட்ட பிறகு ஒருவர் வந்து, ஊரின் மறுகோடியில் ஒரு மருத்துவமனையைச் சொன்னார்.

மனைவி போன் செய்தாள். "வந்துடுங்களேன். டாக்டரம்மா கிளம்பிடப் போறாங்க."

"போகட்டும்" என்றார். வீக்கத்தில் அது 'போவத்தும்' என்று வந்தது.

மறுகோடியில் எல்லாம் பொருந்தியது. மருத்துவமனை நெட்வொர்க், பல் பிரிவு நெட்வொர்க், டாக்டரும் நெட்வொர்க். ஒரு பைசா வேண்டாம் என்றார்கள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. நாளைய பேச்சுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நினைத்தபடி நாற்காலியில் சாய்ந்தார்.

கையுறையை மாட்டிக்கொண்டே டாக்டர் வந்தார். கீழ்வீட்டு டாக்டரம்மா.

"வாங்க சார்" என்றார் டாக்டரம்மா, அமைதியாக.

அதிகாரி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பீரம் திரும்பியது. "சாயங்காலம் இங்க நெட்வொர்க்ல பாக்கறீங்க. உங்க சொந்த கிளினிக்கை மட்டும் ஏன் சேர்க்காம விட்டிருக்கீங்க? எத்தனை பேருக்கு மிச்சமாகும். கொஞ்சம் சுறுசுறுப்பு வேணாமா?"

டாக்டரம்மா சிரித்தபடி ஊசியைப் போட்டார். நாக்கு மரத்தது.

டாக்டரம்மா தன் கிளினிக்கிலிருந்து கூட்டி வந்த உதவியாளர், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண், பொறுக்கமாட்டாமல் சொன்னாள்: "எங்க டாக்டர் மேல தப்பில்ல சார். இன்சூரன்ஸ் ஆபீஸர் ஒருத்தர் வந்து கிளினிக்கைப் பாத்து, சரின்னு சொல்லணுமாம். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு போன வருஷத்துலேர்ந்து இழுத்தடிக்கறாரு. இத்தனைக்கும் அவரு எங்க கிளினிக்குக்கு மேல்மாடியிலதான் குடியிருக்காராம்."