மேசைக்குக் கீழே ஒரு பிரேக்

பயந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பான் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பயந்தவன்தான் அதிகம் கதைப்பான். இதை நான் அறுபத்தாறாவது வயதில், கூர் நகரத்தில், நிலத்துக்குக் கீழே இருந்த ஓர் அறையில் கற்றுக்கொண்டேன்.

ஊரில் பௌதிகம் படிப்பித்த நான், சுவிஸுக்கு வந்தபின் கார் ஓடப் பழக்குகிறவன் ஆனேன். இரண்டுக்கும் பொதுவாக எஞ்சியது ‘மாஸ்ரர்’ என்ற பட்டம் மட்டும்தான். பழக்குகிறவர் இருக்கும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் வலது காலை வைத்துக்கொண்டு எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ரைன் ஆற்றுக்குள் விடப் பார்த்தவர்கள், தபால் பேருந்தோடு மோதப் பார்த்தவர்கள், எல்லாரோடும். ஒருநாளும் பயந்ததில்லை. கால் பார்த்துக்கொள்ளும்.

பிறகு எங்கள் தமிழ் ஆட்களில் ஒரு பொடியன் மின்சாரக் காரோடு அதே தொழிலுக்கு வந்தான். என்னிடம் பழகுகிறவர்கள் குறைந்தார்கள். பகலில் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. மனைவி சோபாவைத் துடைக்கும்போது என்னையும் சேர்த்துத் துடைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

மகள் அபிரா விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறாள். அவள்தான் வழி சொன்னாள்.

“அப்பா, பொட்காஸ்ட்டிலை போய்க் கதையுங்கோ. நான் ஒழுங்கு பண்ணுறன்.”

“போய், என்னட்டை வாங்கோ வாங்கோ எண்டு மீன் விக்கிறவன் மாதிரிக் கூவுறதோ?”

“அதைத்தான் செய்யக்கூடாது. நம்பர் சொல்லக்கூடாது. உங்களைப் பற்றிப் புழுகக்கூடாது. கேக்கிற சனத்துக்குப் பிரயோசனமா ஒரு உண்மைக் கதை சொல்லுங்கோ, போதும். ஆக்கள் தாங்களாவே நம்பர் தேடிப் போன் எடுப்பினம்.”

“எடுக்காட்டி?”

“எடுப்பினம் அப்பா.”

எடுத்தார்கள். அதைத்தான் சொல்ல வருகிறேன்.

நிகழ்ச்சி நடத்தியவன் சுஜன் என்ற இளைஞன், இங்கேயே பிறந்தவன். சுவிஸில் இருக்கிற எங்கள் சனம் எல்லாம் அவனுடைய நிகழ்ச்சியைக் கேட்கும். அவனுடைய ஸ்ரூடியோ, அடுக்குமாடி வீட்டின் அடியில் இருந்த பங்கர், அதாவது குண்டுக்குப் பதுங்கும் அறை. (இந்த நாட்டில் சண்டை இல்லை, ஆனால் வீட்டுக்கு வீடு பங்கர் உண்டு. எங்கள் நாட்டில் சண்டை இருந்தது; பங்கரை நாங்களே வெட்ட வேண்டியிருந்தது.) என் நெஞ்சளவு தடிப்பான கொங்கிறீற் கதவை அவன் இழுத்துச் சாத்தினான்.

“உள்ளுக்கை கத்தினால் வெளியிலை கேக்குமோ தம்பி?” என்று கேட்டேன்.

“கேக்கவே கேக்காது அங்கிள்” என்றான் பெருமையாக.

ஊரில் பங்கருக்குள் போனால் வாயைப் பொத்திக்கொண்டிருப்போம். இவன் பங்கருக்குள் கூட்டிக்கொண்டு வந்து, கதையுங்கோ என்கிறான். வாய்க்கு முன்னால் ஒரு மைக். முதல் ஐந்தாறு கேள்விகளுக்கு ஓம் என்றும் இல்லை என்றும் சொன்னேன். ஒன்றுக்கு இரண்டையும் சொன்னேன். காருக்குள் மௌனம் நல்லது. அந்த அறைக்குள் மௌனம் வெள்ளம் போல முழங்காலுக்கு ஏறி, இடுப்புக்கு ஏறி, கழுத்துக்கு வந்தது.

சுஜன் என்னைக் காப்பாற்ற நினைத்தான், பாவம். “அங்கிள், உங்களிட்டைப் பழகின ஆக்களிலை மறக்கேலாத ஆள் ஆர்?”

எப்போதோ பழகிப்போன ஒருவரைச் சொல்லியிருக்கலாம். தண்ணீரில் தாழ்கிறவன் கைக்கு எட்டுவதைத்தானே பிடிப்பான்? எனக்கு எட்டியது அன்று காலை என்னோடு கார் ஓடிய பெண்பிள்ளை.

“பேர் சொல்ல மாட்டன்” என்று தொடங்கினேன். எவ்வளவு நாகரிகமானவன் நான் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

எங்கள் ஆட்களுக்கு ஒருவரின் பெயரைச் சொன்னால் ஒன்றும் விளங்காது. எந்த ஊர், எந்தக் கோயிலடி, ஆரைக் கட்டினவ என்று சொன்னால்தான் விளங்கும். பெயரை மட்டும் விட்டுவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் நான் சொன்னேன்.

முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறா என்றேன். டக். வீடு வீடாகப் போய் நோயாளர்களைப் பார்க்கும் வேலைக்கு மாற விருப்பம், அதற்கு லைசென்ஸ் வேண்டும் என்றேன். டக். சோதினையில் இரண்டு தரம் தவறிவிட்டா, மூன்றாம் தரமும் தவறினால் உளவியல் நிபுணரிடம் போகச் சொல்லுவார்கள், அடுத்த கிழமைதான் அந்த மூன்றாம் தரம் என்றேன். டக். ஊரைச் சொன்னேன். கோயிலைச் சொன்னேன். டக், டக்.

“அங்கிள், கீழை என்ன சத்தம்?”

குனிந்து பார்த்தேன். என் வலது கால் மேசைக்காலை உதைத்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடப் பழக்கம். ஆபத்தைக் கண்டதும் அது பிரேக் பிடித்திருக்கிறது. என் உடம்பில் அந்த நேரம் புத்தியோடு இருந்தது அந்தக் கால் மட்டும்தான். நான் அதை நாற்காலிக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

“புருசன் இன்டர்லாக்கனிலை ஹோட்டல் குசினியிலை. அவருக்கு இது தெரியாது. அவர் முந்தி மூண்டு தரம் சோதினையிலை தவறி வெறுத்துப்போனவர். தான் பழகுறது தெரிஞ்சால் மனுசனுக்கு நோகும் எண்டு அந்தப் பிள்ளை ஒளிச்சுப் பழகுது.”

“கெனாவ், கெனாவ்” என்றான் சுஜன். (ஜெர்மன் மொழியில், சரியாகச் சொன்னீர்கள் என்று பொருள். இங்கே பிறந்த பிள்ளைகள் எதற்கும் சொல்வார்கள்.)

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பயம் போய், பயத்தைவிட மோசமான ஒன்று வந்திருந்தது: நன்றாகப் போகிறது என்ற நினைப்பு. “கிரைசல் வந்தால் காணும், ரெண்டு கண்ணையும் மூடிக்கொண்டு முருகா எண்டுவா” என்றேன். சுஜன் கண்ணீர் வரச் சிரித்தான். அது பொய். அந்தப் பிள்ளை கிரைசல் என்ற சுற்றுவட்டத்துக்குள் கண்ணை மூடியதே இல்லை.

நிகழ்ச்சி வெளியானதும் அபிரா அதை முழுவதும் கேட்டாள். “நல்லா வந்திருக்கு அப்பா. நம்பர் ஒரு இடத்திலையும் சொல்லேல்லை.” பிறகு ஊர் வரும் இடத்தை மறுபடி போட்டுக் கேட்டாள். “அப்பா, இது இப்ப உங்களிட்டைப் பழகிற அவதானே?”

“நான் பேர் சொல்லேல்லையே.”

“இனி என்ன, பேர் ஒண்டுதான் மிச்சம்.”

உடனே சுஜனுக்கு எடுத்து அழிக்கச் சொன்னேன். அழித்தான். அதற்குள் அது வட்ஸப்பில் நாடு முழுக்கப் போய்விட்டது.

மகள் சொன்னபடியே தொலைபேசி ஓயாமல் அடித்தது. ஒவ்வொரு அடிக்கும் என் கால் தரைவிரிப்பை மிதித்தது. ரெனானிலிருந்து ஒருவர், “மாஸ்ரர், அது எங்கட சித்தப்பான்ர மருமகளோ?” என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தினார்.

“என்ர மனுசியும் முதியோர் இல்லத்திலைதான். அவ உங்களிட்டைப் பழகிறாவோ?”

“இல்லை அண்ணை, சத்தியமா இல்லை.”

“அப்ப செவ்வாய்க்கிழமையிலை எங்கை போறவ?”

எனக்குத் தெரியாது என்று வைத்துவிட்டேன். அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று இன்றுவரை கேட்கத் துணிவில்லை.

உண்மையிலேயே கார் பழகும் நோக்கத்தோடு எடுத்தவர்கள் இரண்டே பேர். இருவரும், வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கிற வேறு மாஸ்ரர் ஆரும் இருந்தால் நம்பர் தரச் சொன்னார்கள். நான் மின்சாரக் கார்ப் பொடியனின் நம்பரைக் கொடுத்தேன்.

அந்தப் பிள்ளை மட்டும் எடுக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு வழக்கம்போல ரயில் நிலையத்தடியில் காரோடு நின்றேன். வரவில்லை.

அவர் வந்தார். புருசன். லிஃப்ட் எங்கள் மாடியில் நின்ற சத்தம் கேட்டதுமே ஆர் என்று விளங்கிவிட்டது. கதவைத் திறக்காமல் விடலாமா என்றுகூட நினைத்தேன். மனைவி திறந்தாள். ஒல்லியான மனிதர். சோபாவின் நுனியில் இருந்தார். தேத்தண்ணி வந்தது.

“ஹோட்டல் குசினியிலை எங்கட பொடியள் போட்டுக் கேட்டவங்கள்” என்றார். “முதல் நீங்கள் ஓமும் இல்லையும் சொன்னதுக்கு நானும் சேர்ந்து சிரிச்சன் மாஸ்ரர். ஊரின்ர பேர் வரேக்கைதான் நிப்பாட்டினன்.”

சீனிக் கிண்ணத்தை அவர் பக்கமாகத் தள்ளினேன். வேண்டிய நேரத்தில் வாய் உதவாது.

“அவ கண்ணை மூடுறவவோ?”

“இல்லை. அது நான் கதைக்குச் சேர்த்தது.”

“நான் மூண்டு தரம் தவறினது?”

“அது...”

“அது சேர்த்ததில்லை” என்று அவரே சொன்னார். “எனக்கு நோகும் எண்டுதான் ஒளிச்சவவாம். இப்ப எல்லாருக்கும் தெரியும், எனக்கு எங்கை நோகும் எண்டு.”

அவர் சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். தேத்தண்ணியை முழுவதும் குடித்து, கோப்பையைக் குசினியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, “அவ இனி உங்களிட்டை வரமாட்டா. வாறன்” என்று போனார்.

மன்னிப்புக் கேட்க அந்தப் பிள்ளைக்குப் பலமுறை எடுத்தேன். அவ தொலைபேசியைத் தூக்கவில்லை. கோயில் திருவிழாவில் தூரத்தில் கண்டேன். போய்ப் பேசுவதற்குப் பதிலாக, பயத்தில் திரும்பி மறுபக்கமாக நடந்து, கோயில் வீதியை வலமாகச் சுற்றாமல் இடமாகச் சுற்றிவிட்டேன். அந்தப் பாவமும் சேர்ந்தது. சோதினையில் அவ சித்தியடைந்த செய்தி அபிரா சொல்லித்தான் தெரியும். பொடியனின் காரில்தான் ஓடினாவாம். “அப்பா, கண்ணைத் திறந்துகொண்டுதான்” என்றாள். சந்தோசப்பட்டேன். அதை நான் உரிமையோடு சொல்லக்கூடிய ஆள் ஒருவரும் இல்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வந்தது. விருந்துகளில் நான் “பேர் சொல்ல மாட்டன்” என்று வாய் திறந்தால் மனைவி மேசைக்குக் கீழே காலால் தரையை மிதிப்பாள். டக். மகள் மிதிப்பாள். டக். மருமகன் சுவிஸ்காரர், ஒரு சொல்லும் விளங்காது, அவரும் மிதிப்பார்.

போன வருடம் தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணம். நடந்தது தெரியாத யாரோ எங்களை அந்தப் பிள்ளைக்கும் புருசனுக்கும் எதிரே இருத்திவிட்டார்கள். மேசை முழுவதும் மௌனம். பங்கருக்குள் ஏறிய அதே வெள்ளம் மறுபடியும் ஏறியது. கழுத்துக்கு வந்ததும் நான் வாயைத் திறந்தேன்.

“என்னட்டை ஒருத்தர் பழகினவர், பேர் சொல்ல மாட்டன்...”

டக்.

மனைவியைப் பார்த்தேன். இல்லை என்று தலையாட்டினாள். அபிராவும் மருமகனும் கறி எடுக்கப் போயிருந்தார்கள். என் கால் நாற்காலிக்குப் பின்னால் மடங்கியே இருந்தது.

எதிரே அந்தப் பிள்ளை குனிந்து பிரியாணியைப் பிசைந்துகொண்டிருந்தா. நிமிரவில்லை. அவவின் பக்கத்து மேசைவிரிப்பு மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. புருசன் மட்டும் அப்பளத்தை என் பக்கமாகத் தள்ளி, “சாப்பிடுங்கோ மாஸ்ரர்” என்றார்.

வாய்க்குள் அப்பளத்தை வைத்துக்கொண்டேன்.