நீங்க மொதல்ல எறங்குங்க

தாராவி, மும்பை.

அன்புள்ள மச்சினன் பூலோகத்துக்கு, அத்தான் முத்துசெல்வம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் அக்கா பிரபாவதியும் மகள் ஸ்ரீதேவியும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய். போன் அடிக்க அடிக்க எடுக்காமல் இருப்பதற்கே நல்ல தெம்பு வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

நீ பார்த்துக் கொடுத்த சாத்தான்குளத்துச் சம்பந்தம் என்னால் கெட்டது. மாப்பிள்ளையின் அப்பா பிச்சை அண்ணாச்சியும் அவர் சம்சாரமும் பெண் பார்க்க வந்து, தாதரில் சொந்தக்காரர் வீட்டில் தங்கியிருந்தார்கள். நம் தாராவிச் சந்துபொந்தைப் பார்த்து அந்த அம்மா மிரண்டுவிடக் கூடாதே என்று நான் ஒரு திட்டம் போட்டேன். மாட்டுங்காவில் கோவில், பூக்கடை எல்லாம் சுற்றிக் காட்டி, ஓட்டலில் காபி வாங்கிக் கொடுத்து, ஸ்ரீதேவியை அங்கேயே வரச்சொல்லிக் காட்டிவிடலாம். தாதரிலிருந்து ஒரே ஸ்டேஷன்தான். உன் அக்காவும் அந்த அம்மாவும் லேடீஸ் பெட்டியில் ஏற, நாங்கள் பக்கத்துப் பெட்டியில் ஏறினோம்.

மாட்டுங்கா வந்தது. சம்பந்தியாகப் போகிறவருக்கு முன்னால் நான் இறங்கலாமா? "நீங்க மொதல்ல எறங்குங்க அண்ணாச்சி" என்றேன். "அதெப்பிடி, பொண்ணப் பெத்தவுக நீங்க, நீங்க எறங்குங்க" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த ஸ்டேஷன் சயானில் நான் அவர் கையைப் பிடித்து இழுக்க, அவர் என் தோளைப் பிடித்துத் தள்ள, பின்னால் நின்றவன் "அரே காக்கா, உதர்னா ஹை கி நஹி?" என்று, இறங்கப் போகிறீரா இல்லையா என இந்தியில் கத்தினான். அண்ணாச்சி அவனுக்கும் மரியாதையாக வழிவிட்டார். வண்டி நகர்ந்தது. குர்லாவில் ஏறிய கூட்டத்தில் மரியாதை பண்ணக்கூடக் கை அசையவில்லை. கடைசியில் தாணேயில் வண்டி காலியானதும், ஆளுக்கொரு வாசல் வழியாக ஒரே நேரத்தில் இறங்கினோம்.

என் போன் உன் அக்கா பையில், அண்ணாச்சி போன் தாதர் வீட்டில். அண்ணாச்சி முகத்தைப் பார்க்கப் பயந்து, தாணே ஏரிக்குக் கூட்டிப்போய்ப் படகில் ஏற்றினேன். கரைக்குத் திரும்பி இறங்கும்போது மறுபடி "நீங்க மொதல்ல", "நீங்க மொதல்ல". படகுக்காரன் வெறுத்துப்போய் இன்னொரு சுற்று கொண்டுபோய்விட்டான்.

அண்ணாச்சியோடு வீட்டுக்கு வந்தால் அங்கே அதைவிடப் பெரிய இடி. மாட்டுங்காவில் காத்துக் காத்துப் பார்த்த உன் அக்கா, ஸ்ரீதேவியோடு அந்த அம்மாவையும் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள்! சந்து, கூடைமேல் காயும் அப்பளம், மேல்வீட்டு சஃப்ரீனின் தையல் மிஷின் சத்தம், எல்லாம் பார்த்தாயிற்று. அந்த அம்மா ஸ்ரீதேவி கையால் சாப்பிட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் அண்ணாச்சியோடு கிளம்பிப் போனார். எனக்குச் சோறே இறங்கவில்லை பூலோகம். என் பிள்ளை என்ன பாவம் செய்தாள்? வேறு பையன் பார். ரயில் இல்லாத ஊராக இருந்தால் நல்லது.

உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், போனை எடுக்கும் நல்ல புத்தியோடு இருக்கத் திருச்செந்தூர் முருகனை வேண்டும்,
அத்தான் முத்துசெல்வம்.

பின்குறிப்பு: வேறு பையன் பார்க்காதே. கவரை ஒட்டும்போது அண்ணாச்சி போன் செய்தார். பெண்ணைப் பிடித்துவிட்டதாம். அந்த அம்மா பேசாமல் போனது வாயில் வெற்றிலை இருந்ததால். சந்து முழுக்கத் தமிழ் கேட்டதில் அவருக்கு ஏகத் திருப்தியாம். "தாணே வரைக்கும் மரியாதைய விடாத மனுசன் வேற எங்க கெடைப்பாவ?" என்கிறார் அண்ணாச்சி. அடுத்த மாதம் தாம்பூலம் மாற்ற வருகிறார்கள். மறுபடி மாட்டுங்காதான், மறுபடி ரயில்தான். யார் முதலில் இறங்குவது என்பதை முன்கூட்டியே பேசி முடித்துவிடலாமாம். தாய்மாமன் நீதான் நடுவில் நின்று பேச வேண்டும். போனை எடு.